தாய்மாமன் செய்த தோடு

நம் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் காதுகுத்துக்குப் போகிற தங்கத்தில் பாதி பித்தளை. கொடுக்கிறவர்களுக்கு அது தெரியும், வாங்குகிறவர்களுக்கும் தெரியும். மைக்கைப் பிடித்துக்கொண்டு "தாய்மாமன் சீர், தங்கத் தோடு ஒரு சோடி" என்று வாசிக்கிறவருக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். அவர் பிள்ளைகளின் காதிலும் அதுதான் கிடக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் உன் அக்கா கௌரியின் மகள் காதில் குத்தியதும் பித்தளைதான். அதை வாங்கியது நான். பழியைச் சுமந்துகொண்டு கொழும்புக்குப் பஸ் ஏறியது நீ.

இதை உன் போனுக்குத் தனியாக அனுப்பலாம்தான். ஆனால் பொய்யை மைக்கில் சொல்லிவிட்டு உண்மையைக் காதுக்குள் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால் பிள்ளைக்காம்பராவில், கொழுந்து பறிக்கப் போன தாய்மார் விட்டுவிட்டுப் போன பிள்ளைகள் தூங்குகிற மத்தியான நேரத்தில், பழைய கொப்பி ஒன்றின் மிச்சத் தாள்களில் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து, நம் சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் போடுவேன். விடிந்ததும் பூவும் வணக்கமும் போடுகிறவர்கள் ஒரு நாளைக்கு இதையும் படிக்கட்டும்.

முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். அம்மா மகனுக்கு நன்றி சொல்வது நம் வீட்டில் வழக்கமில்லை. கைமாறாகச் சோற்றை ஒரு கரண்டி கூடுதலாகப் போடுவோம், அவ்வளவுதான். நீ கொழும்பில் கடைச் சோறு சாப்பிடுகிறாய். எனக்கு அந்த வழியும் இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

உனக்குப் பதின்மூன்று வயது இருக்கும்போது உங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பன்னிரண்டு கணினி வந்தது. கோட் போட்ட ஆட்கள் வந்து ரிப்பன் வெட்டினார்கள். மலையகப் பிள்ளைகள் இனி உலகத்தோடு பேசுவார்கள் என்று ஒருவர் அரை மணி நேரம் பேசினார். பன்னிரண்டில் மூன்றுதான் உயிரோடு இருந்தது. அடுத்த வருடம் அதுவும் இல்லை. யாரோ தங்கள் கந்தோரில் கழித்துப் போட்டதைக் கொட்ட இடம் தேடியிருக்கிறார்கள், நம் பள்ளிக்கூடம் கிடைத்தது. கோபப்பட வேண்டிய நாங்கள் என்ன செய்தோம்? கணினி அறைக்குள் போகுமுன் கால் கழுவ வேண்டும் என்று சட்டம் போட்டோம். நவராத்திரிக்கு, சரஸ்வதி குடியிருக்கும் பொருள் ஆயிற்றே என்று, கீபோர்ட்டில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சந்தனப் பொட்டும் ஒரு குங்குமப் பொட்டும் வைத்தோம். சந்தனம் கரைத்துக் கொடுத்த அம்மாமாரில் நானும் ஒருத்தி. தண்ணீர் கொஞ்சம் கூடிப்போய், பொட்டு வைத்த இடத்தில் நிற்காமல் இடுக்குக்குள் வழிந்தது. அதையும் நல்ல சகுனம் என்றுதான் சொன்னோம். நீ ஒரு விசையை அமுக்கிப் பார்த்ததற்கு விரல் முட்டியில் அடி வாங்கினாய். அன்று நான் வாத்தியார் பக்கம் நின்றேன். அடுத்த வாரம் நீ ஒரு அட்டைப் பெட்டியில் கீபோர்ட்டை வரைந்து, அதில் இரண்டு கையாலும் தட்டிப் பழகினாய். அந்தச் சத்தத்தில் தலை வலிக்கிறது என்று சொன்னதும் நான்தான்.

பரீட்சை முடிவு கெம்பஸுக்குப் போதவில்லை என்று ஆனதும், பதுளை டவுனில் முஸ்லிம் நானா ஒருவரின் கணினி திருத்துகிற கடையில் சேர்ந்தாய். சேர்ந்த வருடமே ஒரு நாள் வேலை முடிந்து வந்தவன், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சொன்னாய்.

"அம்மா, நம்ம ஸ்கூல் கொம்பியூட்டர் எல்லாம் கடைக்கு வந்திருக்கு. பழைய இரும்புக்காரன் கொண்டாந்து போட்டுட்டுப் போறான்."

"நம்ம ஸ்கூலுதுன்னு ஒனக்கு எப்படிடா தெரியும்?"

"கியூ எழுத்தக் கழட்டிப் பாத்தேன். அடியில சந்தனம்."

நான் சிரித்துவிட்டேன். பிறகு சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட முடியாமல் எழுந்தேன். நீ மட்டும் அந்தக் குப்பையில் வேறு எதையோ பார்த்திருந்தாய். நானாவிடம் கேட்டிருக்கிறாய். அந்த மனிதர், "எடுத்துக்கிட்டுப் போங்க மகன், இத வச்சி நா என்ன செய்ற" என்று இரண்டு சீமெந்துப் பையில் கட்டியே கொடுத்தாராம். பழைய பல் பிரஷால் ஒவ்வொரு எழுத்தாகக் கழுவினாய். காய்ந்த சந்தனம் மாவாக உதிர்ந்தது. கௌரிக்கு அவள் பெயரின் முதல் எழுத்தில் தோடு செய்யப் போகிறேன் என்றாய். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, ஒரு கீபோர்ட்டில் ஒரு எழுத்து ஒருமுறைதான் இருக்குமாம்; ஒரு சோடித் தோட்டுக்கு இரண்டு கீபோர்ட் சாக வேண்டும். ஷிப்ட் மட்டும் சோடியாக வரும், ஆனால் அது சவர்க்காரக் கட்டி மாதிரி நீளம், காதில் போட முடியாது என்று நீ சொன்னபோது உன் அப்பா, "ஒங்க அம்மாவுக்குப் போடு, பேச்சு கொறையும்" என்றார்.

எழுத்துகள் முடிந்ததும் நீ உள்ளே இருந்த பச்சைப் பலகைகளில் கை வைத்தாய். அதிலுள்ள கோடுகள், மலை மேலிருந்து பார்க்கிற தேயிலை நிரை மாதிரி எனக்குத் தெரிந்தன. இரும்பறுக்கிற சின்ன வாளால் அறுத்து, அரத்தால் ராவி, வட்டமும் சதுரமுமாக வெட்டினாய். ஒரே காம்பராவில்தான் நாம் சமைக்கிறோம், படுக்கிறோம். நீ ராவியதும் அங்கேதான். இரண்டு வாரத்தில் வீட்டில் எல்லோரும் சொறிய ஆரம்பித்தோம். பக்கத்துக் காம்பராவிலும் சொறிந்தார்கள். சிரங்கு என்று நான் முடிவு கட்டினேன். பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறவள் ஆயிற்றே, எனக்குத் தெரியாதா என்ற திமிர். டிஸ்பென்சரியில் வெள்ளை மருந்து வாங்கி, லயத்தில் ஆறு வீட்டு ஆட்களையும் கழுத்திலிருந்து கால் வரை பூச வைத்தேன். துணியெல்லாம் அவித்தோம். சொறி நிற்கவில்லை. நீதான் ஒரு நாள் கம்பளியை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அம்மா, இது சிரங்கு இல்ல, நான் ராவுன தூசு. அதுல கண்ணாடி நாரு இருக்கு" என்றாய். ஆறு வீட்டுக்கும் நீயே போய்ச் சொன்னாய். பூசிக்கொண்டவர்கள் திட்டியதை எல்லாம் வாங்கிக்கொண்டு வந்தாய். அதன் பிறகு வீட்டுக்குள் ராவவே இல்லை. லயத்து ஆட்கள் குளிக்கிற பீலிக்கரையில், முகத்துக்குத் துணி கட்டி, தண்ணீரை ஊற்றிக்கொண்டே ராவினாய், தூசு பறக்காமல். தப்புச் செய்தால் நேரே போய்ச் சொல்வது எப்படி என்று அன்றைக்கு நான் பார்த்தேன். பார்த்ததோடு சரி.

நம் பெண்கள் அதைப் போடுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. கழித்துப் போட்ட சாமானைக் காதில் மாட்ட யாருக்கு மனசு வரும்? ஆனால் மேல் லயத்துப் பிரியா, இருபது வயதுக்காரி, டிலீட் எழுத்தை மாட்டிக்கொண்டு காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போய் நின்றாள். கங்காணி, "காதுல என்னா புள்ள, பல்லு தொங்குது?" என்று கேட்டிருக்கிறார். "இது அமத்துனா எதிர்ல நிக்கிற ஆளே காணாமப் போயிருவாங்க கங்காணி. கொஞ்சம் தள்ளியே நில்லுங்க" என்றாளாம். மறுவாரம் நாலு பேர் கேட்டு வந்தார்கள். ஆனால் அந்த முதல் தோடுகள் மலையில் தோற்றன. கூடைக் கயிறு தலைக்கு மேலாக வந்து காதோரம் இறங்குகிறது அல்லவா, தொங்குகிற தோடு அதில் மாட்டி, பிரியாவுக்குக் காது மடலில் கீறல் விழுந்தது. நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கூடையை வாங்கி உன் தலையில் மாட்டிக்கொண்டு, கயிறு எங்கே படுகிறது என்று உன் காதில் பேனாவால் புள்ளி வைத்துப் பார்த்தாய். லயமே சிரித்தது. அதன் பிறகு நீ மலைக்குப் போகிறவர்களுக்குச் செய்தது எல்லாம் காதோடு ஒட்டிய தோடுதான், ஒரு அவரை விதை அளவு. இவ்வளவு காலம் கொழுந்து எடுத்த பெண்களின் காதை யாராவது இப்படி நின்று பார்த்திருக்கிறார்களா? கொழுந்தின் அளவைப் பார்ப்பார்கள். கை வேகத்தைப் பார்ப்பார்கள். காதில் கயிறு அறுக்கிறதா என்று கேட்டவன் என் மகன். அதற்கும் உனக்கு நன்றி.

எனக்கும் ஒரு சோடி செய்தாய். என் காது ஓட்டை தூர்ந்துபோகாமல் இருக்க நான் வருடக்கணக்காக ஈர்க்குத்தான் செருகியிருந்தேன். நீ செய்தது ரெசிஸ்டர் என்கிற குட்டிக் குழல், நாலு நிறக் கோடு போட்டது. ஒவ்வொரு நிறமும் ஒரு எண் என்று சொல்லிக் கொடுத்தாய். கடைசிக் கோடு தங்க நிறம். அது என்ன எண் என்று கேட்டேன். "அது எண் இல்லம்மா. இவ்வளவு தப்பு இருந்தாப் பரவாயில்லன்னு அர்த்தம்" என்றாய். நான் அதை வீட்டில் போட்டேன், பிள்ளைக்காம்பராவுக்குப் போட்டேன். கல்யாணம் காட்சிக்குப் போகும்போது கழற்றி வைத்துவிட்டுக் கவரிங் போட்டேன். நீ கவனித்திருப்பாய். ஒன்றும் கேட்டதில்லை.

இனி அந்தக் காதுகுத்து. பிள்ளையை மடியில் வைக்கிற தாய்மாமன் நீ. தோடு போடுகிற உரிமையும் உன்னுடையது. ஒரு மாதம் உட்கார்ந்து செய்தாய். கணினிக்குள் இருக்கிற ரேம் என்ற நீளத் தகட்டில், ஓரமாகச் சீப்புப் பல் மாதிரி வரிசையாகத் தங்கப் பூச்சு இருக்கும். அந்த ஓரத்தை மட்டும் அறுத்தாய். ஈயம் வைத்து ஒட்டாத பகுதி அதுதான், பச்சைப் பிள்ளைக்கு ஈயம் படக்கூடாது என்றாய். கணினி விளையாட்டில் எத்தனை உயிர் மிச்சம் என்று காட்ட ஒரு இதயம் வருமே, கட்டம் கட்டமாக, அந்த வடிவத்தில் வெட்டினாய். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது. மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு. காதுக்குள் போகிற தண்டு மட்டும் ஆஸ்பத்திரியில் பாவிக்கிற மாதிரி துருப்பிடிக்காத உருக்கு, கொழும்பிலிருந்து வரவழைத்தாய். "ஒரு காதுக்கு ஒரு உயிர்மா. பாப்பாவுக்கு ரெண்டு எக்ஸ்ட்ரா இருக்கட்டும்" என்றாய். தங்கமா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வாய் என்றேன். "கேட்டா உள்ளதச் சொல்வேன். நானே செஞ்சதுன்னு சொல்வேன்."

அந்தப் பதில்தான் என்னைப் பயமுறுத்தியது. கௌரி வாக்கப்பட்டது லுணுகலைப் பக்கம், டவுனில் கடை வைத்திருக்கிற குடும்பம். நாம் லயத்து ஆட்கள். கல்யாணத்தன்றே சம்பந்தியம்மாவின் தங்கை என் காதை உற்றுப் பார்த்தாள். தாய்மாமன் குப்பைச் சாமானை வெட்டிக் காதில் போட்டான் என்று ஒரு சொல் விழுந்தால், அந்தச் சொல்லோடு என் மகள்தான் அந்த வீட்டில் தினம் விடிய எழும்ப வேண்டும். இப்படி எல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதைவிடச் சின்னது. எனக்கு வெட்கம், அவ்வளவுதான். இரண்டு நாளைக்கு முன் டவுனுக்குப் போய்க் கவரிங் தோடு ஒரு சோடி வாங்கினேன். காதுகுத்தன்று காலையில் நீ குளிக்கப் போன நேரம், நீ செய்து வைத்த பெட்டியைத் திறந்து, உன்னுடையதை எடுத்துவிட்டு என்னுடையதை வைத்தேன். வாசிக்கிறவரிடம் தங்கத் தோடு என்று எழுதிக் கொடுத்ததும் நான்.

மேடையில் பாப்பா உன் மடியில். ஆசாரி கையை நீட்டினார். மைக்கில் வாசித்தார்கள். நீ மூடியைத் திறந்தாய். உள்ளே பார்த்தாய், நிமிர்ந்து கூட்டத்தில் என்னைத் தேடினாய். நான் கண்ணால் கெஞ்சினேன் என்று சொன்னால் அது பொய். கண்ணை உருட்டினேன். நீ பெட்டியை ஆசாரியிடம் கொடுத்தாய். பாப்பா வீரிட்டபோது அவள் தலையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாய். வீட்டுக்கு வந்த பிறகும் நீ ஒன்றுமே கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேன். சண்டை பிடித்திருந்தால் ஒருவேளை சொல்லியும் இருப்பேன்.

இரண்டு வாரத்தில் பாப்பாவின் காது வீங்கிச் சீழ் வைத்தது. தினமும் பிள்ளைகளின் காதைப் பார்க்கிறவள் நான். மலிவுக் கவரிங் பிஞ்சுக் காதைப் புண்ணாக்கும் என்பதை மற்ற அம்மாமாருக்குச் சொல்லிக் கொடுக்கிறவள் நான். கழற்றச் சொல்லியிருக்க வேண்டும். மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் போடச் சொன்னேன். கௌரி வீட்டார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், தோட்டைக் கழற்றினார்கள், அப்படியே நகைக்கடையில் உரைத்தும் பார்த்தார்கள். மறுநாள் மாப்பிள்ளை வந்தார். லயத்து முற்றத்தில் நின்றபடியே கத்தினார். வீட்டுக்குள் வரச் சொன்னேன், வரவில்லை. கதவு கதவாக ஆட்கள் வந்து நின்றார்கள்.

"தாய்மாமன்னு மரியாதை குடுத்துப் புள்ளய மடியில ஒக்கார வச்சம். எம் புள்ள காதுல பித்தளையக் குத்தி விட்டிருக்கான். யார்டா வாங்குனது?"

நீ என்னைப் பார்த்தாய். நான் அடுப்பைப் பார்த்தேன்.

"நான்தான் மச்சான்" என்றாய்.

அதோடு விட்டேனா? ஊர் பார்க்கிறதே என்று, வெளியே வந்து உன் கன்னத்தில் அறைந்தேன். இருபத்திரண்டு வயது ஆண்பிள்ளையை. நீ அசையவில்லை. நீ செய்த அந்த இரண்டு உயிர்களும் அந்த நேரம் என் சேலைப் பெட்டிக்குள் இருந்தன.

நீ எதற்காக அப்படிச் சொன்னாய் என்று மூன்று வருடமாக யோசிக்கிறேன். என்னைக் காப்பாற்ற என்பது தெரியும். கௌரியையும்தான், அம்மாவே ஏமாற்றினாள் என்றால் அவள் அந்த வீட்டில் எந்த முகத்தோடு இருப்பாள். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து நீ ஒருவன் நின்றாய். அதற்கு நான் இன்றைக்குத்தான், இந்தப் பிள்ளைகளின் மூச்சுச் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து, நன்றி சொல்கிறேன். உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதியில்லை. இருந்தும் அம்மா என்பதால் இரண்டு சொல்கிறேன். இனி யாருக்காகவும் செய்யாத தப்பை ஏற்காதே, பெற்றவளுக்காகவும். உனக்கு ஒரு பெண் அமையும்போது அவள் காதில் என்ன கிடக்கிறது என்று பார்க்க யாரையும் விடாதே. நான் பார்த்தாலும் வெளியே போகச் சொல். கொழும்பில் ராவும்போது முகத்துக்குத் துணி கட்டுகிறாயா என்று கேட்க நினைத்தேன். அது மூன்றாவது.

போன மாதம் கௌரி போன் போட்டு அழுதாள். அவளுடைய இரண்டாவது பிள்ளை, சின்னவனுக்குத் தையில் காதுகுத்து. பத்திரிகை அடித்துவிட்டார்கள். தாய்மாமன் என்ற இடத்தில் உன் பெரியம்மா மகன் பெயர். கூடப் பிறந்தவன் உயிரோடு இருக்கும்போது ஒன்றுவிட்ட அண்ணன் மடியில் பிள்ளையை வைப்பது என்றால் என்ன அர்த்தம் என்று நம் ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. செத்தவனுக்குத்தான் அப்படி மாற்று ஆள் தேடுவார்கள். உனக்கு மூன்று வொய்ஸ் மெசேஜ் போட்டதாகவும் நீ கேட்டுவிட்டுப் பதில் போடவில்லை என்றும் சொன்னாள். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நான் மூடி வைத்த பொய்யால் போனது உன் பெயர் மட்டுமில்லை. உன் அக்கா பிள்ளைகளுக்கு மாமன் இல்லாமல் போகப் போகிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி லுணுகலைக்குப் போனேன், தனியாக. காதில் நீ செய்த ரெசிஸ்டர்தான். சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் முன் அறையில் இருந்தார்கள், கௌரி தேத்தண்ணி கொண்டுவந்தாள். குடிக்கும் முன் சொல்லிவிட வேண்டும், குடித்தால் தைரியம் போய்விடும் என்று நினைத்து, கோப்பையைத் தொடாமலே சொன்னேன்.

"அந்தக் கவரிங்க வாங்குனது நாந்தாங்க அண்ணி. எம் மகன் செஞ்சு வச்சத எடுத்துட்டு அத வச்சேன். அவனுக்கு ஒண்ணுமே தெரியாது."

கௌரி தட்டைக் கீழே வைத்தாள். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். சம்பந்தியம்மா மட்டும் ஆச்சரியமே படவில்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும் அண்ணி" என்றார். "அந்தப் பெட்டியத் தொறந்தப்ப ஒங்க மகன் மொகத்தப் பாத்தேன். வாங்கிட்டு வந்தவன் மொகம் அப்படியா இருக்கும்?"

"தெரிஞ்சுகிட்டே ஏன் அவன் மேல போட்டீங்க?"

"பின்ன ஒங்க மேல போட்டா எம் மருமகள நான் எப்படி வச்சுக் குடும்பம் நடத்துறது? அவன் ஆம்பளப் புள்ள. எங்கயாச்சும் போயிப் பொழச்சுக்குவான்னு நெனச்சேன்." பிறகு, குரலைத் தணித்து, "நான் அன்னைக்குப் போட்ட கொலுசு மட்டும் வெள்ளின்னா நெனைக்கிறீங்க?" என்றார்.

எனக்கு அந்தப் பெண்ணை அடிக்கவும் தோன்றியது, பக்கத்தில் போய் உட்காரவும் தோன்றியது. நாங்கள் இரண்டு பேருமே ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறோம். இரண்டு பொம்பளைகள் தங்கள் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, தனக்காக ஒரு பொய்யும் சொல்லத் தெரியாத பையனைத் தூக்கிக் கொடுத்திருக்கிறோம். நான் எடுத்துப்போன பெட்டியை அவர் முன்னால் திறந்து வைத்தேன். அந்த இரண்டு சின்ன இதயங்களையும் அவர் உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கௌரி வாங்கி, அங்கேயே பாப்பாவைக் கூப்பிட்டு, போட்டிருந்ததைக் கழற்றிவிட்டு, ஆறிப்போன அந்தக் காதுகளில் மாட்டிவிட்டாள். யாரையும் கேட்கவில்லை. பாப்பா கண்ணாடிக்கு ஓடினாள். இதை உனக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

பிறகு நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "பத்திரிகைய மாத்தி அடிங்க மாப்பிள்ள. நீங்களே போன் போட்டு எம் மகனக் கூப்பிடுங்க. சின்னவன் அவன் மடியிலதான் ஒக்காரணும்."

மாப்பிள்ளை மேசையில் கிடந்த பத்திரிகைக் கட்டை எடுத்தார், ஓரத்தைத் தட்டிச் சமப்படுத்தி மறுபடி அங்கேயே வைத்தார். சின்னவனுக்குப் பால்மா முடிந்துவிட்டது என்று சொல்லி வெளியே போனார். சம்பந்தியம்மா என் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் ஐந்து மணி பஸ் வரை அந்த அறையில் உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கு மூன்று நாள். போன் வரவில்லை.

அவர்கள் கூப்பிட்டால் வருவாய் என்று எனக்குத் தெரியும். கூப்பிடாவிட்டாலும் நீ வர வேண்டும் என்று நான் கேட்கிறேன். பந்தலில் எல்லோர் முன்னாலும் எழுந்து, நான் செய்ததை நானே சொல்வேன். பிள்ளையைத் தூக்கி உன் மடியில் வைப்பதும் என் பொறுப்பு. யார் தடுத்தாலும் வைப்பேன். ஆனால் வைப்பதற்கு அந்த இடத்தில் நீ இருக்க வேண்டும். உன்னை அறைந்த கை இது, இதைக் கூப்பிடுகிற கையாக நீ எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. இருந்தும் கேட்கிறேன். வருகிறாயா?